பேச்சைக் கேட்கும் பெட்டி

இந்த வீட்டில் தன் பேச்சைக் கேட்க ஒன்றே ஒன்றாவது வேண்டும் என்று அறிவிப்பாளர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே முடிவு செய்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் முடிவை வெளியே சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

உடனே மனிதருக்கு எங்குமே மரியாதை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பேருந்து நிலையத்து மாடியில் ஒரு கண்ணாடி அறை உண்டு. உள்ளே ஒரு மைக், ஒரு நாற்காலி, ஒரு விசிறி, இவர். பதினெட்டு வருஷமாக அந்த மைக்குக்கு இவர்தான் வாய். "மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்பட வேண்டிய பேருந்து, ஐந்தாவது நடைமேடையிலிருந்து புறப்படும்" என்று ஒரு வரி சொன்னால் போதும். முந்நூறு பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மூன்றிலிருந்து ஐந்துக்கு ஓடுவார்கள். பாதி கடித்த பன்னோடு ஓடுவார்கள். ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஓடுவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நின்று அதைப் பார்க்கும்போது அவருக்குச் சட்டைப் பித்தான்கள் கொஞ்சம் இறுகும்.

அதே குரல் வீட்டுக்குள் வந்தால் நிலைமை வேறு.

"இன்னிக்கு ஜன்னலைத் திறந்து வைக்கலாம்னு பாக்குறேன்."

"கொசு வரும்."

"அப்ப மூடியே வைக்கலாம்."

"புழுங்கும்."

"பாதி திறந்து வச்சா?"

"பாதிக் கொசு வரும்."

"சரி."

இந்த 'சரி'தான் அவர் வீட்டு வசனம் மொத்தமும். கல்யாணமான புதிதில் யோசித்துவிட்டு 'சரி' சொன்னார். பிறகு 'சரி' சொல்லிவிட்டு யோசித்தார். இப்போது யோசிப்பதையே விட்டுவிட்டார். மனைவி பேசுவதற்காக மூச்சை உள்ளே இழுத்தாலே போதும், இவர் நாக்கு நுனியில் ஒரு 'ச' வந்து உட்கார்ந்துவிடும். அவளுக்கும் இதே மாதிரி ஒரு சொல் உண்டு. 'வேண்டாம்.' காய்காரர், காப்பீட்டுக்காரர், இலவசமாகக் காலண்டர் கொடுப்பவர் என்று வாசலுக்கு யார் வந்தாலும் அந்த ஒரு சொல்லோடு திரும்பிப் போவார்கள்.

அவள் கெட்டவள் இல்லை. முன்னறையில் தையல் மிஷின் போட்டு, அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கையும் சட்டையும் தைத்துக் கொடுப்பவள். பழைய கால் மிஷின். காலையிலிருந்து சாயங்காலம் வரை மிதித்து மிதித்து வலது முட்டி தேய்ந்துபோயிருந்தது. எழுந்து நிற்கும்போது மிஷினைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் கண்ணை மூடுவாள். அதைப் பார்த்த நாளிலிருந்து அவர் கூடுதல் ஷிப்ட் பார்த்துக் கொஞ்சம் பணம் சேர்த்திருந்தார். மிஷினுக்கு ஒரு மோட்டார். சொல்லாமல் கொள்ளாமல் வாங்கிக்கொண்டு வந்து முன்னால் வைக்க வேண்டும் என்பது திட்டம். திட்டம் நல்ல திட்டம்தான், பாவம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் கைபேசியில் ஒரு விளம்பரம் வந்து நின்றது. 'பேச்சைக் கேட்கும் பெட்டி! நீங்கள் சொன்னால் போதும்! விளக்கு எரியும், விசிறி சுற்றும், பாட்டுப் பாடும். பகல் பன்னிரண்டு மணி வரை மட்டும் பாதி விலை!'

'நீங்கள் சொன்னால் போதும்' என்ற வரியை அவர் நான்கு முறை படித்தார். அவரிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மணி பதினொன்று ஐம்பத்தேழு. கையில் இருந்தது மோட்டார் பணம். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் ஷிப்ட் பார்த்து மோட்டாரை வாங்கிவிடலாம் என்று தனக்குத்தானே காது குத்திக்கொண்டார். பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது வாங்கியும் விட்டார். அந்த இரண்டு நிமிஷத்தில் இரண்டு பேருந்துகள் அறிவிப்பே இல்லாமல் கிளம்பிப் போயின.

பெட்டி வந்தது. உருண்டையாக, கைக்கு அடக்கமாக, மேலே ஒரு நீல விளக்கு. கூட வந்த பிளக்குகளை விளக்குக்கும் விசிறிக்கும் மாட்டினார். பெட்டியை மேஜையில் வைத்து உயிர் கொடுத்தார்.

"வணக்கம். நான் தோழி. என்னைப் பெயர் சொல்லி அழையுங்கள். இப்போது இந்த வீட்டின் முதன்மைக் குரலைப் பதிவு செய்யப் போகிறேன். பேசுங்கள்."

முதன்மைக் குரல்! அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேலையில் மைக் முன்னால் செய்வது போலவே ஒரு மடக்கு வெந்நீர் குடித்தார். சட்டைக் காலரைத் தளர்த்தினார். ஒரு முறை கனைத்தார்.

"ஏங்க!" என்று பின்கட்டிலிருந்து குரல் வந்தது. "குழாயைத் திறந்து விட்டுட்டு எங்க போய் உக்காந்தீங்க? வாளி நிரம்பி வழியுது. தண்ணி என்ன சும்மாவா வருது? வந்து மூடுங்க!"

பெட்டி என்னமோ கேட்டது. அவர் அதைக் கேட்கும் நிலையில் இல்லை.

"சரி, சரி!" என்று ஓடினார்.

ஈரக் காலோடு திரும்பி வந்தபோது நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "பதிவு முடிந்தது. நன்றி" என்றது பெட்டி. அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதற்குள் பதிவு முடிந்துவிட்டதா? ஒரு கனைப்பிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டதே! விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது என்று பெருமூச்சு விட்டார்.

அரங்கேற்றத்துக்கு மாடி வீட்டுக்காரரையும் கூப்பிட்டார். மாடி வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக் கடை. தெருவில் அவருக்கு ரிட்டர்ன் ராஜா என்று பெயர். இணையத்தில் எதை வாங்கினாலும் திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்கிவிடுவார். செருப்பு, குக்கர், யோகாசனப் பாய் எல்லாம் அவர் வீட்டுக்கு வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போகும். 'என்னை மட்டும்தான் திருப்பி அனுப்பல, கெடு தாண்டிப் போச்சு' என்று அவர் மனைவியே சொல்வார்.

அறிவிப்பாளர் நெஞ்சை நிமிர்த்தினார். "தோழி."

பெட்டி சும்மா இருந்தது.

"தோழி, விளக்கைப் போடு."

விளக்கு சும்மா இருந்தது.

"தோழி, கனிவான கவனத்திற்கு! விளக்கைப் போடவும்!"

எதிர் வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. மிஷினில் இருந்த மனைவி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாள்: "யாரை இப்படிக் கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிடுறீங்க?"

"இந்தப் பெட்டியை."

"என்னை இப்படிக் கூப்பிட்டு எத்தனை வருஷமாச்சு?"

"சரி..."

"என்ன சரி?"

மனைவி மிஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு கணம் கண்ணை மூடினாள். நடந்து போய் சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரிந்தது.

"இது எதுக்கு? என்ன விலை?"

"விலையா? ஆபீஸ்ல குடுத்தாங்க. பதினெட்டு வருஷம் ஆச்சுல்ல, அதுக்கு மரியாதை."

அவள் ஒரு பார்வை பார்த்தாள். பெட்டியை இல்லை, அவரை. பிறகு போய் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாள். அந்த மிதிச் சத்தத்தை எண்ணிக்கொண்டே அவர் நின்றார். மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில், வாய் திறக்காத ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. பொய் வேறு சொல்லியாகிவிட்டது.

ரிட்டர்ன் ராஜா படிக்கட்டில் அவரை நிறுத்தித் தோளில் கை போட்டார். "பயப்படாதீங்க சார். பத்து நாள் கெடு இருக்கு. பணம் முழுசா வரும். ஆனா ஒண்ணு. 'பழுது'ன்னு சொல்லணும். எவன் என்ன கேட்டாலும் 'பழுது'. அந்த வார்த்தையை மட்டும் விட்டுடாதீங்க."

"சரி" என்றார் அறிவிப்பாளர்.

மறுநாள் புகார் எண்ணைக் கூப்பிட்டார். எடுத்தது மனிதர் இல்லை, இன்னொரு இயந்திரம்.

"வணக்கம். நீங்கள் வாங்கிய பெட்டி எப்படி வேலை செய்கிறது?"

"சரியில்லை."

"'சரி' என்று சொன்னீர்கள். மிக்க மகிழ்ச்சி. உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது."

"அய்யோ, சரின்னு சொல்லலைங்க! சரியில்லைன்னு..."

"இரண்டு முறை உறுதி செய்ததற்கு நன்றி."

அவர் கைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தேழு வயது வரை தாய்மொழியில் பேசி வாழ்ந்த மனிதர் அவர். 'சரியில்லை' என்று சொல்வதற்கே முதலில் 'சரி' என்று சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறதே என்று அன்றைக்குத்தான் கவனித்தார்.

அதற்கடுத்த நாள் ஜாக்கிரதையாக இருந்தார். உள்ளங்கையில் 'பழுது' என்று பேனாவால் எழுதிக்கொண்டார். மனைவி காதில் விழாமல் இருக்க மொட்டை மாடிக்குப் போனார்.

"உங்கள் குறையைச் சொல்லுங்கள்."

"பழுது."

"பழுது என்று பதிவு செய்கிறேன். எங்கள் ஊழியருடன் இணைக்கட்டுமா?"

"ஆமாம்!" என்று பெருமையோடு சொன்னார். 'ச' கிட்டேயே வரவில்லை.

பாட்டுப் போட்டார்கள். ஒரே பாட்டு. இருபத்தைந்து நிமிஷம் அதையே போட்டார்கள். கடைசியில் அவரும் சேர்ந்து முனக ஆரம்பித்த நேரத்தில் பாட்டு நின்றது. "ஊழியர்கள் அனைவரும் வேறு அழைப்பில் உள்ளனர். உங்கள் அழைப்பை ரத்து செய்யட்டுமா?"

கீழேயிருந்து மனைவி மூச்சை உள்ளே இழுப்பது மூன்று மாடி தாண்டி அவருக்குக் கேட்டது.

"ஏங்க! மாடியிலதான இருக்கீங்க? கொடியில கிடக்கிற துணியை எடுத்துட்டு வாங்க!"

"சரி!"

"ரத்து செய்யப்பட்டது. நன்றி."

துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். "முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள் மனைவி. வெயில் என்றார்.

இரண்டு நாள் கழித்து எழுத்து மூலம் புகார் செய்தார். அதிலாவது வாய் குறுக்கே வராது என்று நினைத்தார். ஆனால் பதினெட்டு வருஷப் பழக்கம் கைக்கும் இறங்கியிருந்தது. 'வாடிக்கையாளர் சேவையின் கனிவான கவனத்திற்கு' என்று ஆரம்பித்தவர், கடைசியில் 'தங்கள் பயணம் இனிதாக அமைய வாழ்த்துகிறோம்' என்று முடித்துவிட்டார். 'உங்கள் பாராட்டுக்கு நன்றி' என்று பதில் வந்தது.

ஏழாம் நாள் வேலை நேரத்தில் கண்ணாடி அறையிலிருந்து கூப்பிட்டார். நல்ல வேளையாக ஒரு மனிதப் பெண் எடுத்தாள். அவளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"பெட்டி பழுதும்மா. என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது."

"வருத்தப்படாதீங்க சார். வீட்ல வேற யாராவது பேசிப் பார்த்தாங்களா? உங்க வீட்டம்மா?"

"வேற யாரு பேசணும்? என் குரல் எப்படிப்பட்ட குரல் தெரியுமா? மைக்கை அணைச்சிட்டுப் பேசினாலே அடுத்த தெருவுல ஓடுற பஸ் நிக்கும்."

"இல்ல சார், சும்மா ஒரே ஒரு தடவை அம்மாவைப் பேசச் சொல்லி..."

"என் பேச்சையே கேக்காதது அவ பேச்சைக் கேட்டுடுமா?"

"சார், பழுதுன்னா எங்க ஆள் வந்து சோதிச்சுப் பாக்கணும். அதுக்குப் பதினஞ்சு நாள் ஆகும்."

"கெடுவே பத்து நாள்தானேம்மா!"

"ஆமா சார். அதனாலதான் சொல்றேன், பழுதுன்னு போடாம, பொருள்..."

'பழுது'ன்னு போடாம என்றதுமே ரிட்டர்ன் ராஜாவின் எச்சரிக்கை அவர் மண்டையில் மணி அடித்தது. வார்த்தையை மாற்றிவிடப் பார்க்கிறாள்! அவர் எழுந்து நின்றார். பதினெட்டு வருஷக் குரலையும் ஒன்றாகத் திரட்டினார்.

"பழுதுன்னா பழுது! பழுது! பழுது!"

மூன்றாவது 'பழுது' கொஞ்சம் எதிரொலித்தது. திரும்பிப் பார்த்தார். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே எட்டு நடைமேடையிலும் நின்ற எட்டுப் பேருந்திலிருந்தும் ஜனங்கள் மூட்டையோடு குதித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர்கள் இறங்கி டயரை உதைத்துப் பார்த்தார்கள். கைபேசியை வைத்துவிட்டு, மேலாளர் அறையை நோக்கி அவர் நடந்தார். அந்தப் பெண் கடைசியாக என்ன சொல்ல வந்தாள் என்பது அத்தோடு போயிற்று.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது மனைவி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் புடவையை இழுத்து மூடிக்கொண்டாள். அவர் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பெட்டி ஆபீஸ்ல குடுத்தது இல்லை."

"தெரியும்."

"உன் மிஷினுக்கு மோட்டார் வாங்க வச்சிருந்த பணத்துல..."

"அதுவும் தெரியும்."

"எப்படி?"

"நீங்கதான் சொன்னீங்க. ரெண்டாம் நாளே, தூக்கத்துல. 'மோட்டார் வாங்க வேண்டிய பணம், பெட்டி வழியாகப் புறப்பட்டுச் சென்றுவிட்டது. ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்'னு. ரெண்டு தடவை சொன்னீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சிரிக்கவில்லை. தைலப் பாட்டிலை மூடினாள்.

"எவ்வளவு அலைச்சல்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நானே முடிச்சிட்டு, மோட்டாரோட வந்து நிக்கலாம்னு நினைச்சேன். ஒரு விஷயமாவது நானா முடிக்கலாம்னு." அவர் குரல் மைக் இல்லாத குரலாக இருந்தது. "நாளைக்குப் பகல் பன்னிரண்டோட கெடு முடியுது. அதுக்கப்புறம் பெட்டி நமக்குத்தான். மோட்டார் கிடையாது."

"பெட்டி வேண்டாம்கிறீங்க. அவ்வளவுதானே?"

"பழுது."

"பழுதா, வேண்டாமா?"

"பழுதானதால வேண்டாம்."

"நான் பார்த்துக்கிறேன், விடுங்க."

"இல்லை, நானே..."

அவள் மூச்சை உள்ளே இழுத்தாள்.

"சரி" என்றார்.

பத்தாம் நாள் அவர் விடுப்புப் போட்டிருந்தார். உண்மையில் மேலாளர் போடச் சொல்லியிருந்தார். பதினொன்றரைக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பார்சல்காரர் ஒருவர், நடுத்தர வயது, நெற்றியெல்லாம் வியர்வை. கையில் ஒரு கனமான அட்டைப் பெட்டி.

"ரிட்டர்ன் எடுக்க வந்திருக்கேன் சார்."

அறிவிப்பாளருக்குத் தலை கால் புரியவில்லை. கடைசியில் பேருந்து நிலையத்திலிருந்து விட்ட சத்தம் வீண் போகவில்லை! "நான்தான் புகார் கொடுத்தேன். பழுது" என்று உள்ளங்கையை வேறு காட்டினார்.

பார்சல்காரர் கையிலிருந்த சிறு கருவியைப் பார்த்தார். "பழுதுன்னு இல்லையே சார். காரணம், 'வேண்டாம்'னு போட்டிருக்கு. நேத்து ராத்திரி பதிவாயிருக்கு. பதிவு செஞ்சது முதன்மைக் குரல். இதைத் திருப்பி எடுத்துக்கிட்டு, அதே விலைக்குத் தையல் மிஷின் மோட்டார் கேட்டிருக்காங்க. அதுதான் இது."

"வேண்டாம்னு சொன்னாப் போதுமா?"

"பத்து நாளுக்குள்ள எதுவும் கேக்க மாட்டாங்க சார். 'பழுது'ன்னாத்தான் ஆயிரம் கேள்வி."

"முதன்மைக் குரல் நான்தானே? நான் எதுவும் சொல்லலையே?"

முன்னறையில் மிதிச் சத்தம் நின்றது. மனைவி இடத்தைவிட்டு எழுந்திருக்காமலே கூப்பிட்டாள்.

"தோழி."

பெட்டியில் நீல விளக்கு பளிச்சென்று எரிந்தது. "சொல்லுங்கள்" என்றது பெட்டி, அவ்வளவு பணிவாக.

"விசிறியைப் போடு. இவருக்கு வேர்க்குது பாரு."

விசிறி சுற்றியது. அறிவிப்பாளர் விசிறியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பார்சல்காரர் கருவியில் மேலே தள்ளித் தள்ளி முதல் நாள் பதிவைக் கண்டுபிடித்துப் படித்துக் காட்டினார். "முதன்மைக் குரல்: பெண். முதல் சொல், 'ஏங்க'. 'இதுதான் இந்த வீட்டின் முதன்மைக் குரலா?'ன்னு பெட்டி கேட்டிருக்கு. ஓர் ஆண் குரல், 'சரி, சரி'ன்னு சொல்லியிருக்கு. அந்த ஒரு சொல்லை வச்சே அந்த ஆண் குரலைத் துணைக் குரல்னு போட்டு வச்சிருக்கு சார்."

அறிவிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணாம் நாள். நீங்க வேலைக்குப் போனப்புறம், 'பெரிய தோழியாம் தோழி, அவரை இப்படிச் சீரழிக்கிறியே'ன்னு திட்டினேன். 'சொல்லுங்கள்'னு விளக்கு எரிஞ்சுது. தூக்கிவாரிப் போட்டுது எனக்கு." அவள் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "அப்புறம் பகல் பூரா பாட்டுப் போடும். யார் யார் அளவு என்னன்னு ஞாபகம் வச்சுக்கும். நல்ல பெட்டிதான்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "உங்க குரலைப் பத்தி உங்களுக்கு எவ்வளவு பெருமை! அது என் பேச்சைக் கேக்குது, உங்க பேச்சைக் கேக்கலைன்னு நான் எப்படிச் சொல்றது? நீங்களா அதைத் திருப்பி அனுப்பிட்டா உங்களுக்குத் தெரியாமலே போயிடும்னு பார்த்தேன். உங்களால ஆகல."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாளாக இவளை என்ன நினைத்திருந்தோம் என்று வெட்கமாக இருந்தது. "உனக்குப் பிடிச்சிருந்தா இதையே வச்சுக்கலாமே? மோட்டார் அடுத்த மாசம்..."

"வேண்டாம்" என்றாள். "வீட்ல என் பேச்சைக் கேக்க ஒரு ஆள் போதும்."

பார்சல்காரர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கருவியைத் தட்டினார். பெட்டி பேசியது. "பொருளைத் திருப்பி அனுப்பத் துணைக் குரலின் சம்மதம் தேவை."

"நீங்க வாய்விட்டுச் சொல்லணும் சார். பணம் கட்டின கார்டு உங்க பேர்ல இருக்கு. அதுக்கப்புறம்தான் மோட்டாரை நான் குடுக்க முடியும்."

அறிவிப்பாளர் மெதுவாக எழுந்தார். அவர் சம்மதம் தேவை! பத்து நாளில், ஏன், இருபது வருஷத்தில் முதல் முறையாக அவர் வார்த்தைக்காக மூன்று பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு பெட்டியையும் சேர்த்து. இந்தச் சந்தர்ப்பத்தை அந்தப் பாழாய்ப்போன 'ச'வுக்குக் கொடுப்பதாக இல்லை. ஒரு மடக்கு வெந்நீர் குடித்தார். காலரைத் தளர்த்தினார்.

"அனைவரின் கனிவான கவனத்திற்கு. இந்த வீட்டிலிருந்து புறப்பட வேண்டிய பெட்டி, இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்!"

பெட்டி சும்மா இருந்தது.

"சம்மதம்."

சும்மா இருந்தது.

"ஆம். ஆமாம். அனுப்பலாம். அப்படியே ஆகட்டும். எடுத்துச் செல்லவும்!"

"இன்னும் ஆறு நிமிஷம்தான் சார் இருக்கு" என்றார் பார்சல்காரர். "பன்னிரண்டு தாண்டினா இது தானா மூடிக்கும். மோட்டாரைத் திருப்பி எடுத்துட்டுப் போக வேண்டியதுதான்."

"எனக்குச் சம்மதம்! முழுச் சம்மதம்! மனமார்ந்த சம்மதம்!" அவர் வியர்த்தார். பெட்டியைக் கையில் எடுத்து வாயருகே வைத்துக்கொண்டு கெஞ்சினார். "தோழி, ஒரே ஒரு தடவை கேளும்மா." மோட்டார் பெட்டி பார்சல்காரரின் இடுப்பில் இருந்தது. மனைவி முட்டியைத் தடவியபடி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

அவள் மூச்சை உள்ளே இழுத்தாள்.

"ஏங்க! குழாயைத் திறந்து விட்டுட்டு வந்துட்டீங்களா? வாளி நிரம்பி வழியுது பாருங்க!"

"சரி, சரி!" என்று பெட்டியை மேஜையில் போட்டுவிட்டு அவர் ஓடினார்.

பின்னால் பெட்டியின் குரல் கேட்டது. "துணைக் குரலின் சம்மதம் பதிவானது. நன்றி."

பின்கட்டில் குழாய் இறுக்க மூடியிருந்தது. வாளி காய்ந்து கிடந்தது.